352ஆவது விமானம்

பொறியியல் மூன்றாம் ஆண்டு படித்தபோது எங்கள் விடுதி அறையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அறைத்தோழனுடையது. இரவு மெஸ் முடிந்து வந்தால் ஐந்தாறு பேர் கட்டில் மேலும் தரையிலுமாக உட்கார்ந்து முறை வைத்து விளையாடுவோம். எனக்குப் பிடித்தது 'ஐஎல்-2 ஸ்டர்மோவிக்'. இரண்டாம் உலகப்போரின் கிழக்குப் போர்முனையில் நடக்கும் விமானச் சண்டை விளையாட்டு. உருவாக்கியவர்கள் ரஷ்யர்கள். சோவியத் பக்கமும் ஆடலாம், ஜெர்மன் பக்கமும் ஆடலாம். நாங்கள் எப்போதும் ஜெர்மன் பக்கம்தான். கொள்கை கிள்கை ஒன்றும் கிடையாது. மெஸ்ஸர்ஷ்மிட் 109 பார்க்க நன்றாக இருக்கும், வேகமாக மேலே ஏறும், அவ்வளவுதான்.

அதில் ஐஎல்-2 என்ற சோவியத் தாக்குதல் விமானத்தை வீழ்த்துவது பெரும்பாடு. விமானியைச் சுற்றி இரும்புத் தொட்டி மாதிரி கவசம். எவ்வளவு சுட்டாலும் தள்ளாடியபடி போய்க்கொண்டே இருக்கும். ஒருநாள் சீனியர் ஒருவர் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "டேய், மேலேர்ந்து அடிச்சு என்ன பிரயோஜனம்? கீழ போ. வயித்துக்கடியில ஆயில் கூலர் இருக்கும், அங்க ஒண்ணு போடு" என்றார். போட்டேன். கரும்புகை கக்கிக்கொண்டு விழுந்தது. அறையே கத்தியது. "இது ஹார்ட்மன் ட்ரிக்குடா" என்றார் சீனியர்.

எரிக் ஹார்ட்மன் என்ற பெயரை நான் முதலில் கேட்டது அப்படித்தான். மறுநாளே கல்லூரி லேபில் உட்கார்ந்து தேடிப் படித்தேன். 1,404 முறை போருக்குப் பறந்தவர். 825 சண்டைகள். வீழ்த்தியதாகக் கணக்கில் ஏறியவை 352 விமானங்கள். அமெரிக்காவின் முதலிட விமானி ரிச்சர்ட் பாங் வீழ்த்தியது 40. நேச நாடுகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் முதலிடத்தில் இருக்கும் சோவியத் விமானி இவான் கோஷெதுப் அறுபது சொச்சம். கிரிக்கெட்டில் பிராட்மனின் 99.94 என்ற சராசரியைப் பார்க்கும்போது ஒரு திகைப்பு வருமே, அதே திகைப்பு. இரண்டாமிடத்துக்காரர்களெல்லாம் வேறு ஏதோ விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தது போலத் தோன்றும்.

அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடங்கள் நான் ஹார்ட்மன் ரசிகனாக இருந்தேன். மூக்கில் கறுப்பு துலிப் பூ இதழ் வரைந்த அவருடைய விமானம்தான் என் முதல் லேப்டாப்பின் வால்பேப்பர். ரேமண்ட் டாலிவரும் டிரெவர் கான்ஸ்டபிளும் எழுதி 1970இல் வந்த 'தி ப்ளாண்ட் நைட் ஆஃப் ஜெர்மனி' என்ற வாழ்க்கை வரலாற்றை இரண்டு முறை படித்திருக்கிறேன். இப்போது அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால், 351 விமானங்களை விட்டுவிட்டு கடைசி ஒன்றுதான் கண்முன் வந்து நிற்கிறது. ஆனால் அதற்கு முதலில் இருந்து வர வேண்டும்.

*

ஹார்ட்மன் 1922 ஏப்ரல் 19 அன்று வுர்ட்டம்பர்க் பகுதியில் வைஸாஹ் என்ற ஊரில் பிறந்தார். அப்பா மருத்துவர். முதல் உலகப்போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் பிழைப்பு கடினமாக இருந்ததால் குடும்பம் சீனாவின் சாங்ஷா நகரத்துக்குப் போனது. அங்கே உள்நாட்டுக் கலவரம் முற்றியதும் சில ஆண்டுகளில் திரும்பி வந்தார்கள். பையனுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுத்தது அம்மா. எலிஸபெத் ஹார்ட்மன், ஜெர்மனியின் ஆரம்பகாலப் பெண் கிளைடர் விமானிகளில் ஒருவர்.

கிளைடர் என்பது இன்ஜின் இல்லாத விமானம். வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனிக்கு விமானப்படை கூடாது என்று தடை போட்டிருந்தது. அதனால் பறக்கும் ஆசை முழுவதும் கிளைடர் பக்கம் திரும்பி, ஊருக்கு ஊர் கிளைடர் மன்றங்கள் இருந்தன. ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் இந்த ஆசையை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார். கிளைடர் பயிற்சி ஹிட்லர் இளைஞர் அமைப்பின் கீழ் வந்தது. ஹார்ட்மன் பதினைந்து வயதில் அந்த அமைப்பிலேயே கிளைடர் பயிற்றுநராக ஆகிவிட்டார்.

இந்த இடம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு பையனுக்கு வானத்தில் பறக்க வேண்டும். அதற்கு வேண்டிய கிளைடரை, களத்தை, பிறகு பெட்ரோலை, இன்ஜினை, 1940இலிருந்து முழுநேரப் பயிற்சியை, எல்லாவற்றையும் ஒரே கை கொடுக்கிறது. கொடுக்கிற கை யாருடையது, அந்தக் கையில் வேறென்ன இருக்கிறது என்று பதினைந்து வயதில் யார் கேட்பார்கள்? இருபது வயதிலும் அவர் கேட்கவில்லை.

1942 மார்ச் 31 அன்று, இருபது வயது நிறைய இன்னும் மூன்று வாரம் இருந்தபோது, ட்ஸெர்ப்ஸ்ட் விமானத்தளத்துக்கு மேலே அவர் ஒரு வித்தை காட்டினார். மெஸ்ஸர்ஷ்மிட்டில் தாழ்வாக வந்து குட்டிக்கரணம் போட்டார். பார்த்தவர்களில் மேலதிகாரிகளும் இருந்தார்கள். ஒரு வாரம் அறைக்காவல், சம்பளத்தில் பெரும்பகுதி பிடித்தம். அந்த வாரத்தில் அவர் ஓட்டியிருக்க வேண்டிய விமானத்தை அறைத்தோழன் எடுத்துக்கொண்டு போனான். இன்ஜின் பழுதாகி விழுந்து செத்துப்போனான். அறைக்காவல்தான் என் உயிரைக் காப்பாற்றியது என்று ஹார்ட்மன் பிறகு சொல்லியிருக்கிறார்.

ட்ஸெர்ப்ஸ்டின் மேலே குட்டிக்கரணம் போட்ட அந்தப் பையனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடம் கழித்து வேறொரு ஊரில் திரும்ப வருவான்.

*

1942 அக்டோபரில் ஜேஜி 52 என்ற போர் விமானப் பிரிவில் சேர காகசஸ் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். ஆரம்பம் சுத்த சொதப்பல். வழியில் மரியுபோலுக்கு ஒரு ஸ்டூகா விமானத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொன்னார்கள். பிரேக் பிடிக்காமல் கட்டுப்பாட்டு அதிகாரியின் குடிசையிலேயே கொண்டுபோய் மோதினார். அக்டோபர் 14, முதல் போர்ப் பறப்பு. எட்மண்ட் ராஸ்மன் என்ற அனுபவசாலியின் விங்மேனாக, அதாவது அவருடைய முதுகுக்குக் காவலாக, பறக்க வேண்டும். எதிரியைப் பார்த்ததும் பையன் ராஸ்மனை விட்டுவிட்டு முன்னால் பாய்ந்தார். பிறகு ராஸ்மனின் விமானத்தையே எதிரி என்று நினைத்துத் தப்பி ஓடினார். எரிபொருள் தீர்ந்து வயல்வெளியில் வயிற்றால் சறுக்கி இறங்கினார். மூன்று நாள் மெக்கானிக்குகளோடு சேர்ந்து வேலை பார்க்கும்படி தண்டனை.

நவம்பர் 5 அன்று முதல் வெற்றி. ஓர் ஐஎல்-2. அதன் வயிற்றுக்கடியில் இருக்கும் ஆயில் கூலரைக் குறிவை என்று சொல்லிக்கொடுத்தவர் ஆல்ஃப்ரட் க்ரிஸ்லாவ்ஸ்கி என்ற சீனியர். எங்கள் விடுதி சீனியர் சொன்னது அறுபத்தைந்து வருடப் பழைய பாடம்தான். ஆனால் கம்ப்யூட்டரில் வராத ஒன்று நிஜத்தில் வந்தது. வெடித்த விமானத்தின் துண்டுகள் ஹார்ட்மனின் விமானத்தையும் பதம் பார்த்தன. அவரும் தரையில் மோதித்தான் இறங்கினார். போர் முடிவதற்குள் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட முறை அப்படி இறங்கியிருக்கிறார், பெரும்பாலும் தான் சுட்ட விமானத்தின் சிதறல் பட்டு. எதிரி சுட்டு அவர் விழுந்ததில்லை.

அந்த வருடம் முடியும்போது அவர் கணக்கில் இரண்டே விமானங்கள். பிறகு வால்டர் க்ருபின்ஸ்கியின் விங்மேனாக ஆனார். முகத்தில் பால் மாறாத தோற்றம் இருந்ததால் 'பூபி', நம் ஊரில் 'சின்னப் பையா' என்போமே, அந்த மாதிரிப் பெயர் ஒட்டிக்கொண்டது. க்ருபின்ஸ்கி அவருக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். இன்னும் கிட்டப் போ.

அந்தப் பாடத்திலிருந்து ஹார்ட்மன் தன் முறையை உருவாக்கினார். பார், முடிவெடு, தாக்கு, விலகு. நான்கே படிகள். எதிரியை முதலில் நீ பார்க்க வேண்டும். தாக்கினால் பலன் உண்டா என்று முடிவெடு. இல்லையென்றால் போய்விடு, வெட்கப்பட ஒன்றுமில்லை. தாக்குவதென்றால் எதிரி விமானம் உன் முன்கண்ணாடியை முழுக்க அடைக்கும்வரை சுடாதே. சுட்டதும் நிற்காதே. வட்டமடித்துச் சண்டை போடுவதை அவர் வீண்வேலை என்று நினைத்தார். வீழ்த்தப்பட்டவர்களில் பெரும்பாலானோர் தங்களைத் தாக்குவது யார் என்று பார்க்கவே இல்லை என்பது அவர் மதிப்பீடு.

புரோகிராம் எழுதுபவனுக்கு இது எவ்வளவு இனிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வீரம், ஆவேசம், மீசை முறுக்கல் எதுவும் இல்லை. சுத்தமான அல்காரிதம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு டீம் மீட்டிங்கில் இந்த நான்கு படிகளை ஸ்லைடாகவே போட்டிருக்கிறேன். கைதட்டினார்கள்.

*

352 என்ற எண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஜெர்மன் விமானிகளின் எண்ணிக்கை இவ்வளவு பெரிதாக இருப்பதற்குத் திறமை மட்டும் காரணமில்லை. அமெரிக்க, பிரிட்டிஷ் விமானிகள் குறிப்பிட்ட காலம் பறந்ததும் திரும்ப அழைக்கப்பட்டு, புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போவார்கள். ஜெர்மனியில் அப்படி இல்லை. சாகும்வரை, அல்லது கைகால் போகும்வரை பறக்க வேண்டும். ஆகவே பிழைத்திருந்த சிலருடைய எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. வானம் முழுக்க எதிரி விமானங்கள் இருந்தன. இருபது வயதுப் பையன்களின் எண்கள் பத்திரிகையில் வந்தன. எத்தனைக்கு எந்தப் பதக்கம் என்று ஒரு கணக்கு ஓடியது. ஹார்ட்மனுக்கு 1943 அக்டோபரில், 148இல், நைட்ஸ் கிராஸ். 1944 ஆகஸ்டில் 300ஐத் தாண்டிய முதல் மனிதர் ஆனபோது அதன் மேல் வைரங்கள்.

எண்ணிக்கையின் மேல் சந்தேகமும் அப்போதே இருந்தது. ஃப்ரீட்ரிஹ் ஓப்லேசர் என்ற சக விமானி, இவ்வளவு வேகமாக ஏறுகிறதே என்று வெளிப்படையாகவே கேட்டார். ஹார்ட்மன் அவரைத் தன் விங்மேனாகக் கூட்டிப்போய் நேரில் காட்டினார். ஓப்லேசர் சாட்சிக் கையெழுத்துப் போடுபவராக மாறிவிட்டார். பின்னாளில் சோவியத் ஆவணங்களைப் பார்த்த ஆய்வாளர்கள் சிலர், உண்மையில் விழுந்தவை இதைவிட மிகக் குறைவு என்கிறார்கள். எல்லா நாட்டு விமானிகளும் கணக்கைக் கூட்டித்தான் சொன்னார்கள். நொடிப்பொழுது சண்டையில், புகை கக்கிப்போன விமானம் விழுந்ததா வீடு போய்ச் சேர்ந்ததா என்று யார் நின்று பார்ப்பது?

எண் சரியா தவறா என்று பல இரவுகள் இணையத்தில் சண்டை போட்டிருக்கிறேன். அந்தச் சண்டையில் இருந்தவரை, எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று நான் யோசித்ததில்லை.

யோசிக்க வைத்தது ஒரு சின்ன விவரம். ஐஎல்-2 முதலில் ஒருவர் மட்டும் உட்காரும் விமானமாகத்தான் வந்தது. ஜெர்மன் போர் விமானங்கள் பின்னாலிருந்து வந்து அடித்ததால், 1942 கடைசியிலிருந்து பின்பக்கம் பார்த்துச் சுடுவதற்கு இன்னொரு ஆளை ஏற்றினார்கள். விமானிக்கு இருந்த இரும்புத் தொட்டி அவன் முதுகோடு முடிந்துவிடும். பின்னால் இருப்பவன் கவசத்துக்கு வெளியே, ஒரு கான்வாஸ் பட்டையின் மேல் உட்கார்ந்திருப்பான். பின்னால் வரும் மெஸ்ஸர்ஷ்மிட்டின் முன்கண்ணாடியை அவன் விமானம் அடைக்கும்போது, அவன் நேருக்கு நேர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பான். விளையாட்டில் அந்தப் பின்னாளைத்தான் முதலில் தீர்த்துவிடுவோம். அவன் துப்பாக்கி மேல்நோக்கித் தூக்கிக்கொண்டு நின்றால் ஆள் காலி என்று அர்த்தம். அதற்குப் பிறகு நிதானமாகக் கீழே போய் ஆயில் கூலரைக் குறிபார்க்கலாம். நூற்றுக்கணக்கான முறை செய்திருக்கிறேன். கான்வாஸ் பட்டை விவரத்தைப் படித்த அன்று ஒருமாதிரி இருந்தது.

அவர்கள் எங்கே பறந்துகொண்டிருந்தார்கள்? தங்கள் ஊருக்கு மேலே. 1943 ஜூலையில் குர்ஸ்க் போரின்போது ஹார்ட்மன் ஒரே நாளில் ஏழு விமானங்களை வீழ்த்திய தென்முனைக்குப் பின்னால்தான் கார்கிவ் நகரம். அதன் விளிம்பில் ட்ரோபிட்ஸ்கி யார் என்ற பள்ளத்தில் 1941 டிசம்பரிலிருந்து சுமார் 15,000 யூதர்கள் கொன்று புதைக்கப்பட்டிருந்தார்கள். ஹார்ட்மன் அதைச் செய்யவில்லை. ஆனால் அந்தப் பள்ளமும் அவருடைய ஓடுதளமும் ஒரே ராணுவத்தின் கட்டுப்பாட்டில் இருந்த ஒரே நிலம். அதை அந்த ராணுவத்தின் கையிலேயே வைத்திருப்பதுதான் வானத்தில் அவருக்கு இருந்த வேலை.

வாழ்க்கை வரலாற்று நூல்களில் வரும் ஒரு வேடிக்கைக் கதை. 1944 மார்ச்சில் ஹிட்லர் கையால் பதக்கம் வாங்க ஹார்ட்மன், க்ருபின்ஸ்கி, இன்னும் இரண்டு விமானிகள் பெர்ஹ்டஸ்காடன் மலை வீட்டுக்குப் போகிறார்கள். ரயிலில் குடித்துவிட்டு முழு போதையில் இருக்கிறார்கள். ஹார்ட்மன் மாட்டியிலிருந்த தொப்பியைத் தனது என்று எடுத்துப் போட்டுக்கொள்கிறார். தலைக்குப் பெரிதாக இருக்கிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள். அது ஹிட்லரின் தொப்பி. படித்தபோது நானும் சிரித்தேன், நண்பர்களுக்குச் சொல்லியும் சிரித்தேன். அதே மாதம் அந்தத் தொப்பிக்காரரின் உத்தரவில் ஜெர்மன் படை ஹங்கேரிக்குள் நுழைந்தது. மே மாதம் தொடங்கி இரண்டு மாதத்துக்குள் ஹங்கேரி யூதர்கள் நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ரயிலேற்றப்பட்டார்கள், பெரும்பாலும் ஆஷ்விட்ஸுக்கு. இரண்டும் ஒரே வருடம் என்பது எனக்குத் தெரியாததல்ல. தனித்தனிப் புத்தகங்களில் படித்திருந்தேன், சேர்த்துப் பார்க்கவில்லை.

*

1945 மே 8. ஐரோப்பாவில் போரின் கடைசி நாள். பெர்லின் விழுந்துவிட்டது, ஹிட்லர் செத்து ஒரு வாரம் ஆகிவிட்டது. ஹார்ட்மனுக்கு வயது 23. காலையில் சோவியத் படை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்துவரச் சொல்லி உத்தரவு. விங்மேனோடு கிளம்பி செக் நாட்டின் ப்ர்னோ நகரத்துக்கு மேல் வந்தார். நகரம் புகைந்துகொண்டிருந்தது. கீழே சோவியத் படை வரிசை. அதன் மேல் இரண்டு யாக்-9 விமானங்கள் வித்தை காட்டிக்கொண்டிருந்தன. கீழே இருந்த தங்கள் ஆட்களுக்காகக் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருந்தன. வென்றாகிவிட்டது, வீட்டுக்குப் போகலாம்.

ஹார்ட்மன் பன்னிரண்டாயிரம் அடி உயரத்தில் இருந்தார். அவர்கள் அவரைப் பார்க்கவில்லை. பார்த்தார், முடிவெடுத்தார். இந்தக் கொண்டாட்டத்தைக் கெடுக்கலாம் என்று தோன்றியதாக வாழ்க்கை வரலாற்றில் வருகிறது. பாய்ந்து, கண்ணாடி நிறையும் தூரத்தில் சுட்டார். ஒரு யாக் எரிந்துகொண்டு விழுந்தது. இரண்டாவதைக் குறிபார்க்கும்போது மேற்கில் அமெரிக்க விமானங்கள் தெரிந்தன. விலகிப் புகைக்குள் மறைந்துவிட்டார். பட்டியலில் இது ஒரு வரி. தேதி, இடம், விமான வகை. வரிசை எண் 352.

கல்லூரியில் இதைப் படித்தபோது, "கடைசி நாள்லகூட ஒண்ணு போட்டிருக்கான் பார்றா" என்று நான்தான் அறைத்தோழனிடம் சொன்னேன். வாயாரச் சொன்னேன்.

அந்த ஒரு விமானத்தால் எந்த ஊரும் தப்பவில்லை, எந்தப் படையும் பின்வாங்கவில்லை. அவரை யாரும் தாக்கவுமில்லை. உளவு பார்க்கத்தான் போனார், பார்த்தாகிவிட்டது, திரும்பியிருக்கலாம். கொடுத்த கையே இல்லாமல் போய்விட்டது. பழகிய கை மட்டும் மிச்சம். ட்ஸெர்ப்ஸ்டில் குட்டிக்கரணம் போட்ட பையனுக்குக் கிடைத்தது ஒரு வார அறைக்காவல். ப்ர்னோவில் குட்டிக்கரணம் போட்டவனை அந்தப் பையன்தான் சுட்டான்.

*

அன்றே தளத்துக்குத் திரும்பியதும் இன்னொரு உத்தரவு. ஹார்ட்மனும் தளபதி ஹெர்மன் க்ராஃபும் மட்டும் பறந்துபோய் பிரிட்டிஷ்காரர்களிடம் சரணடைய வேண்டும், மற்றவர்கள் சோவியத்திடம். அவர்களோடு பெண்களும் குழந்தைகளுமாக அகதிகள் கூட்டம் இருந்தது. இருவரும் போக மறுத்தார்கள். மிச்சமிருந்த விமானங்களைக் கொளுத்திவிட்டு எல்லோரோடும் நடந்து அமெரிக்கப் படையிடம் சரணடைந்தார்கள். கிழக்கில் சண்டை போட்டவர்கள் சோவியத்துக்கே என்ற ஏற்பாட்டின்படி அமெரிக்கர்கள் அவர்களை ஒப்படைத்துவிட்டார்கள்.

பத்தரை வருடச் சிறை. போர்க் குற்றச்சாட்டுகளில் 345 சோவியத் விமானங்களை அழித்ததும் ஒன்றாக இருந்தது. ஓரிடத்தில் வைரம் வாங்கித் தந்த எண் இன்னோரிடத்தில் குற்றப்பத்திரிகையில் ஏறியது. 25 வருடக் கடின உழைப்புத் தண்டனை. ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போடவில்லை. கிழக்கு ஜெர்மன் விமானப்படையில் சேர்ந்தால் விடுதலை என்றார்கள், சேரவில்லை. உண்ணாவிரதம் இருந்தார். 1945இல் பிறந்த மகன் மூன்று வயதில் செத்துப்போனான். அப்பா அவனைப் பார்க்கவே இல்லை. அம்மா எலிஸபெத், மேற்கு ஜெர்மனியின் பிரதமர் அடேனாவருக்குக் கடிதம் எழுதினார். 1955இல் அடேனாவர் மாஸ்கோ போய்ப் பேசியபின் கடைசிக் கைதிகளில் ஒருவராக ஹார்ட்மன் வீடு திரும்பினார். அந்தத் தண்டனை சட்டத்துக்குப் புறம்பானது என்று ரஷ்ய ராணுவ வழக்குத்துறையே 1997இல் சொன்னது. அதற்கு நாலு வருடம் முன்பே அவர் இறந்துவிட்டார்.

சிறைப் பகுதியைப் படிக்கும்போது இன்றும் எனக்கு அவர் மேல் மரியாதை வருகிறது. கூடவே இன்னொன்றும் நினைவுக்கு வரும். ஜெர்மனியிடம் பிடிபட்ட சோவியத் கைதிகளில் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பசியிலும் குளிரிலும் துப்பாக்கிச் சூட்டிலும் செத்தார்கள். அவர்களுக்காகக் கடிதம் எழுத எந்த அம்மாவாலும் முடியவில்லை.

திரும்பி வந்தவர் மேற்கு ஜெர்மன் விமானப்படையில் சேர்ந்தார். அப்போது அமெரிக்காவின் எஃப்-104 ஸ்டார்ஃபைட்டரை வாங்குவதென்று அரசு முடிவெடுத்திருந்தது. நல்ல வானிலையில் உயரே போய் எதிரியை மறிக்க வடிவமைத்த விமானம். அதன் தலையில் குண்டுவீச்சு, தாழ்பறப்பு என்று எல்லா வேலையையும் கட்டினார்கள். நம் விமானிகளும் மெக்கானிக்குகளும் இதற்குத் தயாரில்லை, பையன்கள் சாவார்கள் என்று ஹார்ட்மன் எதிர்த்தார். மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை. 1970இல் ஓய்வு பெற்று வெளியேறினார். ஜெர்மனி வாங்கிய 916 ஸ்டார்ஃபைட்டர்களில் 292 விழுந்தன. 116 விமானிகள் செத்தார்கள். 'விதவையாக்கி' என்று அதற்குப் பெயரே வந்தது.

ஆக, இந்த மனிதருக்கு மறுக்கத் தெரியும். சோவியத் சிறையில் மறுத்தார், சொந்த அரசிடமும் மறுத்தார். விமானம் சரியில்லை என்றால் வேலையே போனாலும் சொல்வார். விமானம் சரியாக இருந்து, அது போகிற காரியம் சரியில்லை என்றபோதுதான் பேச்சு வரவில்லை. இருபது வயதில் வராதது இருக்கட்டும், விடுதலையாகி முப்பத்தெட்டு வருடம் வாழ்ந்தாரே!

*

கேட்பதற்கு நான் யார் என்ற கேள்வி வரும். வர வேண்டியதுதான்.

சில வருடங்களுக்கு முன் கடன் செயலி ஒன்றுக்கு மென்பொருள் எழுதும் குழுவில் இருந்தேன். தவணை தவறியவர்களைக் கூப்பிட வேண்டும். யாரை, எப்போது, எத்தனை முறை கூப்பிட்டால் எடுப்பார்கள் என்று கணிப்பது என் வேலை. ரசித்துச் செய்தேன். அவ்வளவு டேட்டாவும், அவ்வளவு சர்வரும் அதற்கு முன் யாரும் என் கையில் கொடுத்ததில்லை. காலை எட்டு மணிக்கு முன்னால் கூப்பிடக் கூடாது என்று விதி. மக்கள் போனை எடுப்பது வேலைக்குக் கிளம்பும் முன்புதான். ஆகவே சரியாக எட்டு மணி ஒரு நிமிடத்துக்கு முதல் அழைப்பு போகும்படி வைத்தேன். எண் ஏறியது. ஆபீஸில் பாராட்டி ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள்.

அந்த வருடம் ஊரில் ஒரு காதுகுத்தில் மதினி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பெரியம்மா மகனுடைய மனைவி. அண்ணன் மெடிக்கல் செலவுக்குச் செயலியில் வாங்கின கடன் நிற்கிறது என்றார். எந்தச் செயலி என்று நான் கேட்கவில்லை. "எட்டு அடிச்சா வயித்தக் கலக்குது தம்பி. பிள்ளைகள ஸ்கூலுக்குக் கிளப்புற நேரம் பாத்துத்தான் அடிக்கான். எவன் கண்டுபிடிச்சானோ அந்த நேரத்த" என்றார். நான் ஒன்றும் சொல்லாமல் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

திரும்பிப் போய், முதல் அழைப்பைப் பத்து மணிக்குத் தள்ளிப் பார்க்கலாமா என்று கேட்டேன். இரண்டு வாரம் தள்ளிப் பார்த்தோம். எண் இறங்கியது. பழையபடி மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன். ஆமாம், மாற்றியவன் நான்தான், ஒரே ஒரு வரி. வேறு குழுவுக்குப் போக எனக்கு மேலும் ஐந்து மாதம் ஆனது.

போன் அடிப்பதையும் பீரங்கியால் சுடுவதையும் நான் ஒரே தராசில் வைக்கவில்லை. வைத்தால் அந்தக் கான்வாஸ் பட்டையில் உட்கார்ந்திருந்தவர்களை அவமதிப்பதாகும். அவரை எடைபோட உட்காரும்போதெல்லாம் அந்த ஒரு வரியை நான் திரும்ப மாற்றிய மதியம் ஞாபகம் வருகிறது என்று மட்டும் சொல்கிறேன். அந்த மதியம் எனக்கு எந்தக் குழப்பமும் இருக்கவில்லை. கை பாட்டுக்கு டைப் செய்தது. கமிட் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன்.

கண்ணாடிக் கேடயம் இப்போதும் பரணில் இருக்கிறது. வால்பேப்பரைத்தான் எப்போதோ மாற்றிவிட்டேன். அண்ணன் கடனைப் போன வருடம் அடைத்துவிட்டார். மதினியிடம் இன்னும் சொல்லவில்லை.